ஏன் டாக்டரும் பூட்டிய ஃப்ரிட்ஜும்

வெறும் கேள்வி கேட்டே ஓர் ஆஸ்பத்திரியைப் படுக்கையில் தள்ளியவர் உலகத்திலேயே எங்கள் ஏன் டாக்டர் ஒருவராகத்தான் இருப்பார்.

திருவிடைமருதூரைத் தாண்டி ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரியில் நான் கிளார்க். டாக்டருக்கு மயிலாடுதுறைதான் பூர்வீகம். ஆப்பிரிக்கா, நேபாளம் என்று ஏழை நாடுகளின் ஆஸ்பத்திரிகளைச் சீர்செய்வதே அவர் தொழில். நடுவில் கொஞ்ச காலம் எங்களையும் சீர்செய்ய வந்தார். நாங்கள் ஏற்கெனவே சீராகத்தான் இருக்கிறோம் என்ற நம்பிக்கையில், வாசலில் வாடகைப் பூந்தொட்டிகள் வைத்து, பெரிய டாக்டரம்மா பொன்னாடையோடு காத்திருந்தார்.

வந்தவர் பொன்னாடையைப் பார்க்கவில்லை. கை கழுவக் குழாயைத் திருகினார். காற்று வந்தது.

"தண்ணி வராது சார். ஆனா பேசின் புதுசு" என்றார் டாக்டரம்மா.

"ஏன் வராது?"

"மோட்டார் வயரை எலி கடிச்சிடுச்சு சார்."

"எலி ஏன் வந்துச்சு?"

"ஸ்டோர் ரூம்ல சோறு சிந்திக் கிடக்குல்ல, அதுக்குத்தான்."

"ஸ்டோர் ரூம்ல ஏன் சாப்பிடுறாங்க?"

"அங்கதான் சார் ஃபேன் ஓடுது."

"மத்த இடத்துல ஏன் ஓடல?"

பொன்னாடை டாக்டரம்மாவின் கையிலேயே தங்கிவிட்டது. சாயங்காலத்துக்குள் வந்தவருக்கு 'ஏன் டாக்டர்' என்று பெயரும் வைத்துவிட்டோம்.

மறுநாள் காலை ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்துக்கொண்டு, "நான் இப்ப பிரசவ கேஸ். லேபர் வார்டுக்குத் தள்ளுங்க" என்றார். வார்டு ஊழியர் முஸ்தபா தயங்கினார். "ஆம்பளைங்களை அங்க விடமாட்டாங்களே சார்!" தள்ளிய வேகத்தில், ஸ்ட்ரெச்சர் தன் பழைய பழக்கப்படி இடப்பக்கம் இழுத்து, சைக்கிள் ஸ்டாண்டில் போய் நின்றது. அங்கே நின்ற ஒரு பெண்மணி பதறினார். "என்னங்கய்யா ஆச்சு உங்களுக்கு?"

"ஒண்ணுமில்லம்மா, தரம் பாக்குறேன்."

"அடப்பாவமே, காய்ச்சல் தலைக்கு ஏறிடுச்சு" என்று அந்த அம்மாள் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்.

ஸ்ட்ரெச்சருக்குப் புதுச் சக்கரம் வந்தது. அடுத்து அவர் கண் ஃப்ரிட்ஜில் விழுந்தது. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தும் ஊசிமருந்து அதில்தான் இருக்கும். ஃப்ரிட்ஜ் ஸ்டோர் ரூமில். சாப்பாட்டு நேரம் போக மற்ற நேரமெல்லாம் ஸ்டோர் ரூமுக்குப் பூட்டு. சாவி, ஸ்டோர்காரர் இடுப்பில். ஸ்டோர்காரர் பெரும்பாலும் டீக்கடையில்.

"இதை ஏன் பூட்டி வச்சிருக்கீங்க?"

"திருட்டுப் போயிடும் சார்."

"இந்த மருந்தைத் திருடிட்டுப் போயி வீட்டுல என்ன செய்வாங்க?"

ஸ்டோர்காரர் நன்றாக யோசித்தார். "ஏதாவது செய்வாங்க சார்."

டாக்டர் ஃப்ரிட்ஜின் ஒரு முனையைத் தானே தூக்கிவிட்டார். "பிடிங்க!" வாட்ச்மேன் முன்னால் வழிவிலக்க, ஃப்ரிட்ஜ் சுவாமி புறப்பாடு மாதிரி வராந்தாவில் அசைந்து அசைந்து லேபர் வார்டுக்குப் போனது. பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறவர் முகத்தோடு ஸ்டோர்காரர் பின்னால் போனார்.

அனுமதியின்றி அரசுச் சொத்தை இடம் மாற்றியது ஏன் என்று மேலிடத்திலிருந்து மெமோ வந்தது. டாக்டர் பூரித்துப்போனார். "பாத்தீங்களா, அவங்களும் ஏன்னு கேக்க ஆரம்பிச்சிட்டாங்க!"

குறுவை நடவு நடந்துகொண்டிருந்த ஒரு மழைநாளில் ரஹ்மத் என்ற பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. புருஷன் துபாயில். குழந்தை அழுதது, தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. வெளியே அவள் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்டோர்காரர் அப்போதும் டீக்கடையில்தான் இருந்தார். ஆனால் செல்வி சிஸ்டர் கையை நீட்டினார், மருந்து இருந்தது. ஊசி உடனே போட்டாயிற்று. டாக்டரம்மா உள்ளே போராட, ஏன் டாக்டர் வராந்தாவில் நின்றார். அன்றைக்கு மட்டும் அவர் வாயிலிருந்து ஒரு கேள்விகூட வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் சிஸ்டர் எட்டிப் பார்த்தார். "ரத்தம் நின்னுடுச்சு சார். பொழச்சுக்கிட்டா." ஏன் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். வெகுநேரம் துடைத்தார்.

அடுத்த வாரமே தரச் சான்றிதழ்க் குழு வந்தது. வாசலில் கோலம் பிரமாதம் என்று பாராட்டியது. வரைபடத்தில் காட்டிய இடத்தில் ஃப்ரிட்ஜ் இல்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்தது. "உடனே ஸ்டோர்ல கொண்டு வையுங்க" என்றார் குழுத் தலைவர்.

ஸ்டோர்காரர் முன்னால் வந்தார். அவர் இடுப்பில் சாவி தெரிந்தது. "ஸ்டோர் சாவி தொலைஞ்சு போச்சுங்க ஐயா" என்றார், தலைவர் முகத்தைப் பார்த்தே. நாங்கள் எல்லோரும் 'ஆமாம்' என்று தலையாட்டினோம். ஃப்ரிட்ஜ் இன்றும் லேபர் வார்டில்தான் இருக்கிறது.

டாக்டர் மறுபடி ஏதோ ஓர் ஆப்பிரிக்க நாட்டுக்குக் கிளம்பிவிட்டார். அவர் இருந்தவரை எப்போது போவார் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டோம். இப்போது என் மனைவியிடம் ஒன்று சொல்லிவைத்திருக்கிறேன்: எனக்கு ஏதாவது ஆகிவிட்டால், அவர் இருக்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அது எந்த நாடாக இருந்தாலும் சரி.