தேவாங்குக்குத் துணைநின்ற கல்லூரி

ஒரு காட்டில் ஒரு கல்லூரி இருந்தது. அதில் பாடம்கூட நடந்தது என்று கேள்வி. தன் இனத்திலேயே முதல் ஆளாக அங்கே படிக்க வந்தது சிலம்பாயி என்னும் தேவாங்கு.

தேவாங்கு இரவில் விழித்துப் பகலில் தூங்குகிற பிராணி. கல்லூரியோ பகலில் நடந்தது. வெயில் பட்டதும் சிலம்பாயியின் பெரிய கண்கள் தாமாக மூடிக்கொள்ளும். கண் மூடியிருந்தால் ஆப்சென்ட் என்பது காட்டெருமைப் பேராசிரியரின் கொள்கை. இன்னும் மூன்று ஆப்சென்ட் விழுந்தால் தேர்வு எழுத முடியாது என்ற நிலை வந்துவிட்டது.

கல்லூரியில் 'புதுமுக மாணவர் அரவணைப்பு மையம்' என்று ஒன்று இருந்தது. பெயரை நம்பிப் போனது சிலம்பாயி. பொறுப்பாளர் மயில் சார்.

"சார், பகல்ல கண்ணைத் திறக்க முடியல. கடைசி பெஞ்சுல, அந்த ஆலமர நிழல்ல உக்கார விட்டாப் போதும் சார்."

மயில் சார் கோப்பைப் புரட்டினார். "உன் பேர்ல ஏற்கெனவே ஒரு பிரச்சினை இருக்கேம்மா. வீட்டு ஞாபகம். மூணு தடவை கவுன்சலிங் குடுத்துச் சரியாயிடுச்சு. நீயே கையெழுத்துப் போட்டிருக்கே."

"எனக்கு வீட்டு ஞாபகமே வரல சார். இது என் கையெழுத்தும் இல்ல."

"வெள்ளிக்கிழமை ஆய்வுக்குழு வருது. எல்லாப் பிரச்சினையும் தீர்த்து ஃபைலைக் கட்டியாச்சு. இப்ப புதுசா ஒண்ணு கொண்டுவந்தா எங்கே சொருகறது? நீ ஒண்ணு செய். பயனடைஞ்ச மாணவின்னு மேடையில பேசு. குழு போனதும் நிழலைப் பாத்துக்கலாம்."

"அட்டெண்டன்ஸ் சார்?"

"ஆன் டியூட்டின்னு ஓ.டி. போட்டா ஆப்சென்ட் விழாது. நான் பாத்துக்கறேன்."

இரண்டு நாள் ஒத்திகை நடந்தது. மூன்றாம் நாள், உச்சி வெயிலில் மேடை. எழுதிக் கொடுத்ததை மடித்து வைத்துவிட்டு உண்மையைச் சொல்லத்தான் சிலம்பாயி வாயெடுத்தது. "ஐயா, என்னால..." என்பதற்குள் வெயில் நேராகக் கண்ணில் அடித்து, பொலபொலவென்று நீர் கொட்டியது.

குழுத் தலைவர் யானை உருகிப்போனார். "போதும்மா, போதும்! நன்றி சொல்ல வார்த்தை எதுக்கு?" கைதட்டலில் மிச்சப் பேச்சு யார் காதிலும் விழவில்லை. கல்லூரிக்கு முதல் தரம் கிடைத்தது. வெட்கம் கெட்டவர்கள் அன்றே கேக் வெட்டினார்கள்.

திங்கட்கிழமை, தேர்வு எழுதத் தகுதியில்லாதவர் பட்டியலில் சிலம்பாயியின் பெயர் இருந்தது. ஓடிப்போய்க் கேட்டது.

"ஓ.டி. குடுத்தா ஒத்திகை நடந்தது வெளியே தெரிஞ்சுடுமேம்மா" என்றார் மயில் சார், மிகுந்த அரவணைப்போடு.

சிலம்பாயி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறியது. வாசலில் அதன் அழுத முகத்தோடு ஆளுயர பேனர்: 'உங்கள் மாற்றத்தில் நாங்கள் துணை.' பேனருக்குப் பின்னால் நல்ல நிழல் விழுந்திருந்தது. அதில் உட்கார்ந்துதான், முதல்முறையாக, அந்தக் கல்லூரியைக் கண்ணைத் திறந்து பார்த்தது தேவாங்கு.

நீதி: அழுவதானால் ஆய்வுக்குழுவின் முன்னால் அழு, நீ தேறாவிட்டாலும் கல்லூரி தேறும்.