ருசு அண்ணனிடம் கடன் கேட்கப் போனேன்

ஒருமுறை வசூலித்த கடனை மறுபடியும் வசூலிக்கப் போனவன் நான். வேறு யாரிடமாவது போயிருக்கலாம். ருசு அண்ணனிடம் போனேன். சேவல் கூவினாலும் "விடிஞ்சிருச்சுன்னு என்ன ருசு?" என்று கேட்கிற ஒரே மனிதர் மலைநாட்டில் அவர்தான். ருசு என்றால் ஆதாரம்.

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கிற, கவ்வாத்து வெட்டுபவர். சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்கே மறந்துபோயிருக்கும். ஒருநாள் பனிமூட்டத்தில் பஸ் நின்றது.

"தலவாக்கலை! எறங்குங்க!" என்றார் கண்டக்டர்.

ருசு அண்ணன் வெளியே பார்த்தார். ஒரே வெள்ளை. "தலவாக்கலைதான்னு என்னங்க ருசு?"

ஸ்டேஷனில் ரயில் கூவும்வரை அவர் இறங்கவில்லை. வாசலை அடைத்து நின்றதால் மற்றவர்களும் இறங்கவில்லை.

நான் அப்போது தலவாக்கலையில் ஒரு துணிக்கடைக்குக் கடன் வசூலிப்பவன். எஸ்.எஸ்.சி. பாஸ், திமிருக்கு அது போதும். ருசு அண்ணனின் தமையன், தீபாவளிக்கு எடுத்த சேலைக் கடன் நாற்பது ரூபாயை என்னை நம்பி, ரசீது கேட்காமல் கையில் தந்தார். அதை நுவரெலியாவில் ஒரு பந்தயக் குதிரைமேல் கட்டினேன். அந்தக் குதிரை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

கொஞ்ச நாளில் தமையன் இறந்துபோனார். முதலாளி பணம் எங்கே என்றார். நான் அவர்கள் குடியிருந்த லயத்துக்கு, அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளுக்குப் போய், பணத்தைக் கட்டாவிட்டால் தமையனின் மனைவியான அண்ணியின் பசுவை அவிழ்ப்பேன் என்றேன். அந்தப் பாலை விற்றுத்தான் அண்ணியின் பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

ருசு அண்ணனுக்கு முகமெல்லாம் திருவிழா. பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு என்னை உட்காரவைத்தார். லயமே கூடிவிட்டது.

"கடன் இருக்குன்னு ருசு காட்டுங்கய்யா."

"அண்ணி கட்டியிருக்கிற சேலையைப் பாருங்க!"

"அது சேலைக்கு ருசு. கடனுக்கு?"

கோபத்தில் இங்கிலீஷில் கத்தினேன்.

"அது இங்கிலீசுக்கு ருசு. கடனுக்கு?"

"அப்படிப் போடு!" என்று யாரோ கைதட்டினார்கள்.

"சரி, மாரியம்மன் முன்னால சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க. பசுவ நானே ஓட்டியாந்து தர்றேன்."

இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை என்று எண்ணியிருந்தேன். கோயில் வாசலில் சூடம் எரிந்தது, அதை அடித்து அணைக்க என் கை எழவில்லை. காற்று அணைத்தது. அவர் மறுபடி பற்றவைத்தார். மறுபடி அணைந்தது. "அவசரமில்லங்கய்யா, நெருப்புக்குச்சி நெறைய இருக்கு" என்றார். குடையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

கைக்கடிகாரத்தை விற்று முதலாளியிடம் கடனைக் கட்டி, ரசீது வாங்கிக்கொண்டு, உண்மையைச் சொன்னேன். "நாளைக்கு வராதே" என்றார். லயத்துக்குப் போய் எல்லார் முன்னாலும் சொன்னேன். அண்ணி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ருசு அண்ணன் மட்டும் ரசீதை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். எனக்கு வேலை போனதைக் கேட்டதும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

கடையில் கூட்டம். "மொதலாளி, இந்தத் தம்பிய மறுபடி வேலைக்கு வைங்க. இனிமே களவெடுக்க மாட்டாரு."

"எடுக்க மாட்டான்னு என்ன ருசு?" என்றார் முதலாளி.

ருசு அண்ணன் கடை அதிரக் கத்தினார்: "எல்லாத்துக்கும் ருசு கேட்டா மனுசன் எப்படிங்க பொழைக்கிறது?"

வேலை கிடைக்கவில்லை. வெளியே தேத்தண்ணி வாங்கித் தந்தவர், நான் அழுதுகொண்டே குடித்து முடிக்கும்வரை, கடைசி பஸ் போவதையும் பாராமல், பக்கத்திலேயே நின்றார்.