நாய் விரட்டிய ஓடை

சங்கரன்கோவில் வட்டாரத்தில் செயற்கைக்கோளோடு சண்டை போட்ட ஒரே மனுஷி மாவு மில் அக்காதான். சொந்தப் பெயர் ஒன்று இருக்கும், யாரும் கேட்டதில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் நான் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். ஒருநாள் அக்கா கரிவலம்வந்தநல்லூர் பஸ்ஸிலிருந்து இறங்கி, தலையெல்லாம் மாவோடு நேரே உள்ளே வந்தார். செல்போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"ஏ தம்பி, மேப்புல எங்க ஊர்க் குளம் இருக்கு. அதுக்குத் தண்ணி வார ஓடைய எங்க? எவன் அழிச்சான்?"

"யாரும் அழிக்கலக்கா. யாரும் வரையல."

"அப்ப நான் வரையுதேன். சொல்லிக்குடு."

விஷயம் இதுதான். ஓடையை மண்ணடித்து மூடி, வேலி போட்டு, ஒருவர் மனை விற்கத் தொடங்கியிருந்தார். கேட்டவர்களிடம், "இங்க ஓடையே கிடையாது, நெட்டுல பாருங்க" என்றாராம்.

மில்லைப் புருஷனிடம் விட்டுவிட்டு அக்கா வகுப்புக்கு வந்தார். பொதுமக்களே திருத்தக்கூடிய இணைய வரைபடம் ஒன்று உண்டு. செயற்கைக்கோள் படத்தின் மேல் குளம் ஓர் அடுக்கு, கிணறு ஓர் அடுக்கு, ஓடை ஓர் அடுக்கு என்று விளக்கினேன். "இட்லிச் சட்டி மாதிரியா?" என்றார். "ஆமா" என்றேன். பாடம் முடிந்தது. சண்டைதான் முடியவில்லை. மில்லை ரோட்டுக்கு அந்தப் பக்கம் காட்டியதற்காக மானிட்டரை அவர் வைத வசவைக் கேட்டு, ரயில் டிக்கெட் போட வந்தவர் போடாமலே போய்விட்டார்.

ஓடையில் மண்ணடித்து மூடிய இடம் மட்டும் படத்தில் தெரியவில்லை. "நடந்தே வரைஞ்சிருதேன்" என்று, நடக்கும் வழியைப் பதிவு செய்யும்படி போனை வைத்துக்கொண்டு வேலிக்குள் புகுந்தார். மனைக்காரர் நாயை அவிழ்த்துவிட்டார்.

வரைந்ததை எடுத்துக்கொண்டு அக்கா புகார் கொடுக்கப் போனபோது, தாலுகா ஆபீசுக்கு நானும் துணைக்குப் போனேன். அதிகாரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஓடை நேராத்தானே வருது? இங்க மட்டும் ஏம்மா வேப்பமரத்தச் சுத்திச் சுத்தி வருது?"

"அது ஓடை இல்ல சார். நாய் விரட்டுச்சு."

"அத அழிச்சிட்டுக் கொண்டு வாங்க."

"அழிக்க மாட்டேன். நாய ஏவிவிட்டதும் அதுல இருக்கட்டும். பழைய சர்வே படத்த இதுக்கு மேல வச்சுப் பாருங்க. பொருந்தலன்னா என்னைய ஜெயில்ல போடுங்க."

அங்கே நின்ற மனைக்காரர் சிரித்தார். "பொம்ம வரையாம போயி மில்லப் பாருங்கக்கா."

"மில்லையும் பாப்பேன். ஒம்ம வேலியையும் பாப்பேன்."

வைத்துப் பார்த்தார்கள். நாய் விரட்டியது போக மற்றதெல்லாம் பொருந்தியது. சர்வேயர் வந்து அளந்தார், வேலி போயிற்று, ஓடையைத் திரும்பத் தோண்டினார்கள். ஐப்பசி மழையில் அக்கா போன் போட்டுக் கத்தினார்: "தம்பி, தண்ணி நான் வரைஞ்ச மாதிரியே வருது!"

போன வாரம் அந்த வரைபடத்தில் என் கடைத் தெருவைப் பார்த்தேன். புதிதாக ஒரு புள்ளி. 'கம்பூட்டரு தம்பி கடை' என்று பெயர் போட்டிருக்கிறார். வாசலில் நான் மாட்டியிருக்கும் போர்டில் வேறு பெயர், எழுத்துப் பிழையில்லாமல் இருக்கிறது. வரைபடத்தில் திருத்துவது எனக்கு ஒரு நிமிட வேலை.

போர்டை மாற்றச் சொல்லிவிட்டேன்.