பெட்டி மேஸ்திரியும் ஒன்பதாம் விதியும்

திண்டிவனத்தில் அந்த நாளில் உயிரோடிருந்த அத்தனை பேருடைய உயரமும் ஒரே ஒரு மனிதருக்குத்தான் தெரியும். டாக்டருக்குத் தெரியாது, தையற்காரருக்குத் தெரியாது, பெற்ற தாய்க்கே தெரியாது. பெட்டி மேஸ்திரிக்குத் தெரியும்.

சவப்பெட்டி செய்வது அவர் தொழில். எதிரே வருகிறவரின் முகத்தை அவர் பார்த்ததாக யாரும் சாட்சி சொல்ல முடியாது. பார்வை உச்சந்தலையில் தொடங்கிக் கால் கட்டைவிரலில் போய் நிற்கும். உதடு ஓர் எண்ணை முணுமுணுக்கும். அவ்வளவுதான், உங்கள் கணக்கு முடிந்தது. எங்கள் கோர்ட்டு நீதிபதி ஒரு முறை அந்தத் தெருவழியே நடந்துபோனார். நல்ல உயரம். மேஸ்திரி எழுந்து நின்று கும்பிட்டு, "ஐயா ஆறு அடிக்கு மேல இருக்கீங்க. நம்மகிட்ட அஞ்சே முக்கால் அடிப் பலகைதான் இருக்குது. கொஞ்சம் பொறுத்துக்கணும்" என்றார். நீதிபதி பொறுத்துக்கொண்டார். ஆனால் அந்தத் தெரு வழியாக மறுபடி போகவில்லை.

நான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் பிற்பாதியில் விழுப்புரத்திலிருந்து மாற்றலாகி வந்த கோர்ட்டுக் குமாஸ்தா. மனுவுக்கு எங்கே முத்திரை, நோட்டீசுக்கு எத்தனை நாள், எதிலே மை சிவப்பு, எதிலே கறுப்பு, எல்லாம் எனக்கு அத்துப்படி. என் வாழ்க்கையில் முறைப்படி நடக்காத ஒரே காரியம் கிட்டார் ஆசைதான். விழுப்புரம் ரயில்வே குடியிருப்பில் ரயில் கார்டாக இருந்த ஒரு துரை மாலை வேளைகளில் வாசிப்பார். வேலி ஓரமாக நின்று கேட்டே என் கால்கள் மரத்துப் போயின. உள்ளே வா என்று அவர் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

திண்டிவனத்தில் ஒரு கிட்டார் குழு இருக்கிறது என்று யாரோ சொன்னபோது சந்தோஷப்பட்டேன். அது கூடும் இடம் சவப்பெட்டிப் பட்டறை என்றபோது கொஞ்சம் யோசித்தேன். சனிக்கிழமை நாலு மணிக்குப் போய் நின்றேன். பட்டறைக்குள் மூன்று பேர். பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர், விறைப்பாக. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், மல்லாட்டை என்று அங்கே சொல்லும் வேர்க்கடலையை உரித்துக்கொண்டு. நடுவில் மேஸ்திரி, காதில் பென்சில்.

"கிட்டார் கத்துக்கணும்னு..." என்று ஆரம்பித்தேன்.

"படுங்க சார்" என்றார் மேஸ்திரி.

"எங்கே?"

பாதி முடிந்த பெட்டி ஒன்றைக் காட்டினார். நான் மற்ற இருவரையும் பார்த்தேன். "நாங்களும் படுத்தவங்கதான்" என்றார் கம்பவுண்டர்.

"உக்காந்துக்கினு இருந்தா தோள் கூனும், கை அளவு தப்பாப் போவும். படுத்தாத்தான் மனுஷன் நேரா இருப்பான். ஜல்தி படுங்க" என்றார் மேஸ்திரி.

படுத்தேன். தோளிலிருந்து விரல் நுனி வரை கயிறு ஓடியது. நான் கண்ணை மூடியதும் மேஸ்திரி பதறினார்: "ஐயோ, கண்ண மட்டும் மூடாதீங்க சார்! பழக்கத்துல ஆணி அடிச்சிடப் போறேன்."

புதியவரை அந்தக் குழு வரவேற்கும் முறை அதுதான். மாலை இல்லை, சோடா இல்லை.

மேஸ்திரி கிட்டார் செய்யக் கற்ற கதை சுருக்கமானது. மிஷன் விடுதியில் இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் ஊருக்குத் திரும்பும்போது தன்னுடைய உடைந்த கிட்டாரைச் சரிசெய்யக் கொடுத்தார். வாங்கிப் போக வரவில்லை. மேஸ்திரி அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "இன்னா பெரிய விஷயம்? இதுவும் பெட்டிதான். ஓட்டை ஒண்ணு கூடுதல். நம்ம பெட்டியில போறவங்களுக்கு அது தேவைப்படறதில்ல."

அதன் பிறகு பெட்டி அறுத்து மிஞ்சிய பலாப் பலகையெல்லாம் கிட்டார் ஆனது. தந்தி மட்டும் கிளியனூர் வழியாகப் போகும் பஸ்ஸில் புதுச்சேரிக்குப் போய் வாங்கி வருவோம். ஒவ்வொரு கிட்டாருக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. கம்பவுண்டருடையது ஏலம் கூவிய ஒருவரின் பெட்டி மிச்சம்; தெருக்கோடி வரை கேட்கும். என்னுடையது ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் மிச்சம். "தங்கமான மனுஷன் சார். ஆனா மூக்கால பேசுவாரு. இதுவும் கொஞ்சம் அப்படித்தான் பேசும்" என்று மேஸ்திரி எச்சரித்துக் கொடுத்தார். கடைசி வரை அது அப்படித்தான் பேசியது.

சுருதி சேர்க்க எங்களிடம் எந்தக் கருவியும் கிடையாது. ஊரில் எப்போதும் மாறாத சுருதி ஒன்றுதான்: சர்ச்சில் அடிக்கும் சாவு மணி. அது அடித்தவுடன் மேஸ்திரி கத்துவார்: "புடிங்க சார், புடிங்க! ஒம்போது அடிதான் அடிப்பாங்கோ, அதுக்குள்ள சேத்துக்கணும்!" நாங்கள் நான்கு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு முறுக்குவோம். ஒன்பதாவது அடி ஓய்வதற்குள் மேஸ்திரி தன் கிட்டாரை வைத்துவிட்டு ரம்பத்தை எடுத்திருப்பார். யாரும் சாகாத மாதங்களில் எங்கள் வாசிப்பு சகிக்காது.

மணி அடித்த கால்மணி நேரத்தில் பட்டறை வாசலில் ஒருவர் வந்து நிற்பார். குழி வெட்டும் சின்னப்பன். முகையூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, சேரியில் குடியிருந்தவர். பெட்டியின் நீளம் தெரிந்தால்தான் குழியின் நீளம்.

"எத்தினி அடி மேஸ்திரி?"

"அஞ்சே கால். தோள் அகலம். கொஞ்சம் தாராளமா வெட்டு."

கேட்டுக்கொண்டு போக ஒரு நிமிடம் போதும். சின்னப்பன் ஒரு மணி நேரம் நிற்பார். மண்வெட்டியின் காம்பை மார்பில் சாய்த்துக்கொண்டு, எங்கள் விரல்களைப் பார்த்துப் பார்த்துத் தன் விரல்களைக் காம்பில் வைத்துக்கொள்வார். ஒரு வருஷத்தில் எங்களுக்குத் தெரிந்த அத்தனை பிடியும் அந்தக் காம்புக்குத் தெரிந்துவிட்டது. சத்தம் மட்டும்தான் பாக்கி.

ஒரு சனிக்கிழமை மேஸ்திரியே கேட்டார்: "இன்னா சின்னப்பா, நீயும் சேர்ந்துக்கிறியா?"

சின்னப்பன் எங்களைப் பார்த்தார். "சேர்த்துக்குவாங்களா?"

டிரில் மாஸ்டரின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அந்தக் காலத்தில் ஒரே கர்த்தரைக் கும்பிடப் போன இடத்திலும் பெஞ்சு தனித்தனியாக இருந்த ஊர்கள் உண்டு. மாஸ்டர் அப்படிப்பட்ட ஊர்க்காரர். நான் பெருமுக்கல் பக்கத்து விவசாயக் குடும்பம். எனக்குக் கோயில் வேறு, புத்தி அதேதான். சின்னப்பன் போனதும் மாஸ்டர் என்னைத் தனியே அழைத்தார்.

"நாம முடியாதுன்னு சொன்னா அசிங்கம். நீங்க சட்டம் தெரிஞ்சவரு. சட்டம் சொல்றாப்பல பண்ணுங்க."

இப்படிப்பட்ட வேலை எனக்கு நன்றாக வரும். அடுத்த வாரமே குழுவுக்குப் பதினோரு விதிகள் எழுதிக் கொண்டுபோனேன். பத்து விதிகள் அலங்காரம். காரியம் ஒன்பதாவதில் இருந்தது: "சொந்தக் கிட்டார் இல்லாதவர் எவராயினும் உறுப்பினர் ஆகார், கூட்ட நேரத்தில் பட்டறைக்குள் அமரவும் ஆகாது." அந்த "எவராயினும்" என்ற சொல்லைப் போட்டபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. யார் பெயரும் இல்லை, எந்தத் தெருவும் இல்லை. குழி வெட்டுகிறவருக்குப் பலா மரத்தில் கிட்டார் ஏது?

மேஸ்திரி எழுத்துக்கூட்டி ஒன்பதாவதை இரண்டு தடவை படித்தார். என் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு, "நல்லா எழுதிக்கீறீங்க சார். அப்ப அவனுக்கு ஒண்ணு பண்ணிட்டா முடிஞ்சுது" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "சின்னப்பா! உள்ள வந்து படு!"

சின்னப்பன் மண்வெட்டியை வெளியே சாத்திவிட்டு வந்து படுத்தார். அத்தனை பேருக்குக் குழி வெட்டியவர், பெட்டியில் படுத்ததும் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். மேஸ்திரி நல்ல பலாப் பலகைகளாகத் தேர்ந்து, பென்சிலால் கோடு போட்டுச் சுவரோரம் சாத்தினார். "மழைக்கு முன்னாடி முடிச்சிடறேன்."

மழைக்கு முன்னாடி வாந்திபேதி வந்துவிட்டது.

அந்த ஐப்பசியில் மணி ஓயவேயில்லை. எங்கள் கிட்டார்கள் அவ்வளவு சுத்தமான சுருதியில் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. வாசிக்கத்தான் ஆளில்லை. கம்பவுண்டர் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். மேஸ்திரி கையிலிருந்த பலகை எல்லாவற்றையும் அறுத்துத் தீர்த்தார். விழுப்புரத்து மரவாடிக்கு ஆள் அனுப்பினால், அங்கும் தீர்ந்துவிட்டது, மழையில் வண்டியும் வராது என்று பதில் வந்தது. கடைசியில் பட்டறைக் கதவையும் கழற்றி அறுத்தார். சுவரோரம் கோடு போட்டு நின்ற பலாவை மட்டும் தொடவில்லை.

ஒரு காலை, கோர்ட்டுக்குப் போகும் வழியில், போன கூட்டத்தின் குறிப்பில் அவர் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். ஊரே செத்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கையெழுத்து விட்டுப்போகக் கூடாது. சின்னப்பன் வந்தார். வழக்கமான கேள்வியை அவர் கேட்கவில்லை.

"மூணே கால் அடி மேஸ்திரி" என்றார்.

"யாரு ஊட்டுது?"

"என்னுது."

மேஸ்திரி ஒருவரின் முகத்தைப் பார்த்ததை அன்றுதான் நான் கண்டேன்.

"பையனா பொண்ணா?"

"பொண்ணு."

மழை பெய்துகொண்டிருந்தது. மேஸ்திரி பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். தூளும் சீவலும்தான் கிடந்தன. "மரம் இல்லியே, சின்னப்பா."

"பாயில சுருட்டிக்கலாம்னு சொல்றாங்கோ. நானே எத்தினியோ பேர அப்படி எறக்கிக்கீறேன். இவள முடியல." சுவரோரம் கை காட்டினார். "அத அறுத்துடு மேஸ்திரி."

"அது உன் கிட்டாருடா."

"தெரியும். அறு."

மேஸ்திரி அறுத்தார். ஆள் இல்லாததால் பலகையின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். கிட்டாருக்காகப் போட்டிருந்த பென்சில் கோட்டின் மேலேயே ரம்பம் போனது. சின்னப்பன் இருக்கவில்லை. அவர் போய்க் குழி வெட்ட வேண்டியிருந்தது.

பேதி அடங்கி, கார்த்திகைக் கடைசியில் மறுபடி கூடினோம். சின்னப்பன் பழையபடி வாசலுக்கு வெளியே வந்து நின்றார். கதவு இல்லாததால் வாசல் எது, வெளி எது என்பதைக் காட்டுவதற்கு என்னுடைய விதி மட்டுமே மிச்சம் இருந்தது. மேஸ்திரி எழுந்து போய்த் தன் கிட்டாரைச் சின்னப்பன் கையில் வைத்தார்.

"வேணாம் மேஸ்திரி."

"வேணாம்னு சொல்றதுக்கு நீ யாரு? உனக்கு ஒண்ணு பாக்கி. இது உன்னுது. உள்ள போ."

சின்னப்பன் உள்ளே வந்து ஓரமாக உட்கார்ந்தார். டிரில் மாஸ்டருக்கு ஆத்திரம். அதைச் சிரிப்பாக்கிச் சொன்னார்: "நல்லா இருக்குது! இப்ப சட்டப்படி மேஸ்திரிக்குத்தான் கிட்டார் இல்ல. அவருதான் வெளிய போவணும்!"

"கரெக்ட் சார்" என்றார் மேஸ்திரி. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பூவரச மரத்தடியில் புதிதாக வந்து இறங்கிய அறுக்காத கட்டை ஒன்று கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

விளையாட்டு என்று நினைத்தோம். அடுத்த சனிக்கிழமையும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த சனிக்கிழமையும். அவர் பட்டறை, அவர் பெட்டி, அவர் செய்த கிட்டார்கள். அவர் மட்டும் வெளியே, தூறலில்.

"மரம்தான் வந்துட்டுதே மேஸ்திரி, உங்களுக்கு ஒண்ணு பண்ணிக்கக் கூடாதா?" என்றேன்.

"பெட்டி ஆர்டர் இருக்குது சார். செத்தவங்க காத்துக்கினு இருக்க மாட்டாங்க. நான் இருப்பேன்."

"அந்த விதியை மாத்திடறேன். பதினஞ்சு நாள் நோட்டீஸ் குடுத்து, பொதுக்கூட்டம் கூட்டி, மூணுல ரெண்டு பங்கு..."

"அவசரப்படாதீங்க சார். நல்லா எழுதின சட்டம். எவராயினும்னு போட்டுக்கீறீங்க. ஒருத்தனுக்காவது அது படி நடக்கட்டுமே." கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். அவர் என் கால் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது சனிக்கிழமை சின்னப்பன் முதல் முறையாகத் தனியே வாசித்தார். மண்வெட்டிக் காம்பில் ஒரு வருஷம் ஊமையாகப் பழகிய விரல்கள். பிடி ஒவ்வொன்றும் சுத்தமாக விழுந்தது. வேகமில்லை, அலங்காரமில்லை. யாரையோ தூங்கவைத்துவிட்டு எழுந்து போக மனமில்லாதவர் வாசிப்பது போல இருந்தது. கம்பவுண்டர் மல்லாட்டையை மென்றுகொண்டிருந்தவர், வாயை மூட மறந்தார்.

நான் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தேன். "குமாஸ்தா தம்முடைய கிட்டாரை இன்று முதல் குழுவின் பொதுவுக்கு விட்டுக்கொடுத்தார், இனி அவருக்குச் சொந்தக் கிட்டார் இல்லை" என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டேன். முறை முறைதானே. தலைமையாசிரியரின் மிச்சத்தைச் சுவரில் சாத்திவிட்டு வெளியே நடந்தேன். கம்பவுண்டரும் ஏதோ முனகிக்கொண்டு தன்னுடையதைச் சாத்திவிட்டு, பொட்டலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். உள்ளே மிஞ்சியது சின்னப்பனும் டிரில் மாஸ்டரும் மட்டும். யாரோடு உட்கார முடியாது என்று சட்டம் கேட்டாரோ அவரோடு தனியாக, சட்டப்படி. எழுந்து போனால் தோற்றதாகும் என்பதால் மாஸ்டர் எழவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் கால், தன்னையறியாமல், சின்னப்பனுக்குத் தாளம் போட ஆரம்பித்தது.

மரத்தடிக் கட்டையில் பாதி நனைந்திருந்தது, பாதி காய்ந்திருந்தது. மேஸ்திரி காய்ந்த பாதியில் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. உள்ளிருந்து வரும் வாசிப்பைக் கேட்டபடியே ஈரமான பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, காய்ந்த பக்கத்தைத் துண்டால் ஒரு தட்டுத் தட்டிவிட்டார்.