காட்டைக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணுகிறவர்

காட்டை அழிக்கிறவரை நீங்கள் சுலபமாக அடையாளம் கண்டுகொள்வீர்கள். கையில் ரம்பம் இருக்கும், பின்னால் லாரி நிற்கும், ஏன் என்று கேட்டால் முறைப்பார். அவரை ஊரே திட்டித் தீர்த்துவிட்டது. நான் சொல்ல வந்தது வேறொரு இனம். இவர் காட்டை நேசிக்கிறவர். உயிருக்குயிராக நேசிக்கிறவர். காடு முதலில் தப்பிக்க வேண்டியது இவரிடமிருந்துதான்.

யாரும் விதைக்காமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல், எந்தக் குழுவும் கூடித் தீர்மானம் போடாமல், நூற்றாண்டுக் கணக்காகத் தானே முளைத்து, தானே சாய்ந்து, சாய்ந்ததன் மேலேயே மறுபடி முளைத்து நிற்கிற ஒரு காட்டுக்குள் இவரைக் கொண்டுபோய் விட்டுப் பாருங்கள். மூச்சை ஆழமாக இழுப்பார். "ஆகா!" என்பார். கண் கலங்கும், அதில் நடிப்பே கிடையாது. அடுத்த மூச்சில், "இந்தக் கட்டை ஏன் நடுவழியில கிடக்கு?" என்பார். அங்கே வழி என்று ஒன்று இருந்ததே இல்லை என்பதை இவருக்கு யார் எடுத்துச் சொல்வது? அதற்குள் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அந்த இனத்துக்கே உரிய வாக்கியத்தைச் சொல்லிவிடுவார்: "கொஞ்சம் ஒழுங்கு பண்ணினா போதும்."

எனக்குத் தெரிந்த பல் டாக்டர் ஒருவர் இந்த இனத்தில் முதல் தரம். அவருக்கும் அவர் தங்கைக்கும் சேர்த்து அப்பா விட்டுப்போனது ஒரு மலைச்சரிவு. அதில் முழுக்கப் பழைய காடு. நோயாளியின் வாயில் ஒரு பல் கோணலாக இருந்தாலே சாப்பாடு இறங்காத மனிதர். காட்டில் எத்தனை கோணல்! வார நாள் முழுக்க கிளினிக், சனி ஞாயிறு முழுக்கக் காடு. விழுந்து கிடந்த மரங்களை முதலில் அப்புறப்படுத்தினார். அவற்றின் மேல் குடியிருந்த பாசி, காளான், வண்டு, பேர் தெரியாத பூச்சிகள் எல்லாம் தெருவுக்கு வந்தன. பிறகு புதர்களை வழித்தெடுத்தார். அடுத்த மழைக்கு ஓடைத் தண்ணீர் பால் குறைந்த காபி நிறத்தில் ஓடியது. காலியான இடத்தில் நர்சரியிலிருந்து கன்று வாங்கி வந்து, நூல் பிடித்து வரிசையாக நட்டு, சுற்றிக் கல் வைத்து, கல்லுக்கு வெள்ளையடித்தார். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் சும்மா இருந்தார்களா? "டாக்டர், இப்பத்தான் சார் காடு பார்க்க லட்சணமா இருக்கு!" என்றார்கள். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

தங்கைக்கு மட்டும் பயம் வந்தது. அந்த அம்மாள் பத்திர அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். நிலம் கை மாறும்போது அதன் மேல் நிற்பதற்கு என்ன ஆகும் என்று தினமும் பார்க்கிறவர். போதாததற்கு டாக்டரின் மகன் வேறு, "அந்த இடத்துல வ்யூ நல்லாயிருக்கு அத்தை" என்று சொல்லத் தொடங்கியிருந்தான். வ்யூ என்ற சொல் வந்துவிட்டால் பின்னாலேயே ஹோட்டல் வந்துவிடும். ஆகவே, இனி யார் கைக்குப் போனாலும் காட்டைத் தொட முடியாதபடி ஒரு காப்புப் பத்திரம் தயார் செய்தார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும்.

"வெட்டக் கூடாதா? தாராளமா! நான் என்ன கொலைகாரனா?" என்று பேனாவைத் திறந்தார் டாக்டர். அடுத்த வரியைப் படித்தார். "புதுசா கன்னு வைக்கக் கூடாதாமே! மரம் வைக்காதேன்னு யாராவது சொல்வாங்களாம்மா?"

"அங்க என்ன வளரணுமோ அது தானா வளரும் அண்ணா."

"கீழ விழுந்ததையாவது எடுக்கலாம்ல?"

"விழுந்ததும் காடுதான்."

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

"ஒண்ணும் செய்யாதே."

இந்த இனத்தைச் சேர்ந்த ஒருவரை இதைவிடக் கேவலமாகத் திட்ட முடியுமா? டாக்டர் பேனாவை மூடினார். "நான் இல்லாட்டி இந்தக் காடு என்ன ஆகும்னு யோசிச்சுப் பாரு" என்றார். அதைத்தான் அந்த அம்மாள் ராப்பகலாக ஏக்கத்தோடு யோசித்துக்கொண்டிருந்தார்.

சரிவின் உச்சியில் ஒரு கிழ மரம். ஏழெட்டுப் பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. அதில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு பொந்து. பல் டாக்டருக்குப் பொந்தைக் கண்டால் கை சும்மா இருக்குமா? உள்ளே சுரண்டிச் சுத்தம் செய்து, சிமெண்ட் வைத்து அடைத்துவிடுவது என்று முடிவு கட்டினார். கொத்தனார் வந்தார், கலவை தயாரானது. செய்தி காதுக்கு எட்டி, தங்கை செருப்பை மாற்றக்கூட நிற்காமல் ஓடி வந்தபோது, அண்ணன் கிளினிக்கில் மாட்டுகிற நெற்றி விளக்கோடு ஏணியின் உச்சியில் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணா, இறங்கு!"

"இரும்மா. அடைச்சிட்டா இன்னும் நூறு வருஷம் தாங்கும்."

"இத்தனை காலம் யார் வந்து அடைச்சாங்க?"

டாக்டர் காதில் வாங்காமல் விளக்கைப் பொந்துக்குள் திருப்பினார். உள்ளே வெள்ளைப் பஞ்சும் இரண்டு பெரிய கண்ணுமாக ஓர் ஆந்தைக் குஞ்சு. வெளிச்சத்தைப் பார்த்து, அம்மாதான் இரை கொண்டுவந்துவிட்டாள் என்று நினைத்து, வாயைப் பெரிதாகத் திறந்தது. காலமெல்லாம் "நல்லாத் திறங்க, இன்னும் கொஞ்சம்" என்று கெஞ்சியே பிழைத்த மனிதர். முதன்முறையாக, கேட்காமலே ஒரு வாய் திறந்திருக்கிறது. உள்ளே ஒரு பல்கூட இல்லை. டாக்டருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

மெதுவாக இறங்கி வந்தார். "குஞ்சு இருக்கும்மா" என்றார், சின்னக் குரலில்.

தங்கைக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "அடைச்சிருப்பியே அண்ணா. கையைக் கழுவிட்டு, நல்லது பண்ணிட்டோம்னு வீட்டுக்குப் போய் நிம்மதியா தூங்கியிருப்பே."

டாக்டர் நெற்றி விளக்கை அணைத்தார். கொத்தனார்தான் தொண்டையைக் கனைத்தார்: "கலவை இறுகிடும் சார், என்ன பண்ணட்டும்?" அது கிளினிக் படிக்கட்டின் உடைசலைப் பூசப் போனது. மறுநாள் டாக்டர் முழுப் பத்திரத்திலும் கையெழுத்துப் போட்டார், படிக்காமலே. படித்தால் மனசு மாறிவிடும் என்ற பயம். இப்போதும் சனிக்கிழமைகளில் போகிறார். கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு காட்டு வேலிக்கு வெளியிலேயே நின்று பார்த்துவிட்டு வருகிறார். அந்த இனத்தில் ஒருவர் இவ்வளவு தூரம் தேறியதே பெரிய விஷயம்.

நீங்கள் சிரித்துக்கொண்டுதான் படித்திருப்பீர்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். அந்தக் குஞ்சைப் பற்றிப் படித்ததும் உங்கள் மனசும் இளகியதல்லவா? பாவம், இருட்டுப் பொந்தில் தனியாகக் கிடக்கிறதே, மழைச்சாரல் அடிக்குமே, மேலே சின்னதாக ஒரு தகரக் கூரை போட்டு, பக்கத்தில் ஒரு தண்ணீர்க் கிண்ணமும் வைத்தால் என்ன என்று ஒரு நொடி தோன்றியதா?

தோன்றியதென்றால், தயவுசெய்து வேலிக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள். டாக்டருக்குப் பக்கத்தில் நிற்க நிறைய இடம் இருக்கிறது.