நான் கேட்டை மட்டும்தான் பார்க்கப் போனேன்

அந்தச் சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. மோசமான வெல்டிங் ஒன்றைத் தேடிப் பிடித்து நாலு போட்டோ எடுக்க வேண்டும்.

நல்ல வெல்டிங் வேண்டாம். மோசமானது. புடைத்து, நெளிந்து, புழு ஊர்ந்த மாதிரி.

காரணம் சொல்கிறேன். எனக்கு வயது ஐம்பது. சாய்ந்தமருதில் ஒரு ஐஸ் ஃபெக்டரியில் இரவு வேலை. பகலில் தூங்க வேண்டும். தூக்கம் வராது. மனம் எங்கெங்கோ போய் எதையெதையோ கிளறும். கூரையைப் பார்த்துக் கிடந்து பெருமூச்சு விடுவதற்குப் பதிலாக, நான் பிளாஸ்டிக்கில் யுத்த டாங்கி செய்கிறேன். ஒரு சாண் நீளம் வரும். எவரும் சொல்லித் தரவில்லை; யூடியூப்தான் உஸ்தாத். என் மூன்று மகள்மாரும் இதை வெளியில் சொல்வதில்லை.

இப்போது கையில் இருப்பது பழைய ரஷ்ய டாங்கி. யுத்த அவசரத்தில் தகடுகளைப் பொருத்தி அப்படியே அனுப்பி வைத்த சாமான். மூட்டுக்கு மூட்டு வெல்டிங் தடித்துக் கிடக்க வேண்டும். பெட்டியில் வருகிற பிளாஸ்டிக்கில் அது இருக்காது. நாம்தான் வைக்க வேண்டும். பைப் ஒழுக்கை அடைக்கிற இரண்டு கலவைப் பசையைப் பிசைந்து, நூலாக உருட்டி, மூட்டில் படுக்க வைத்து, காயுமுன் கத்தி நுனியால் பிறை பிறையாக அழுத்த வேண்டும்.

செய்தேன். மொடல் செய்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

"காக்கா, டாங்கிக்கு மேல இடியப்பம் காயப் போட்டிரிக்கீங்களா?" என்று, என்னை அண்ணனாக மதித்துக் காக்கா என்கிற ஒருத்தன்.

"சொதியும் ஊத்துங்க!" என்று இன்னொருத்தன்.

ரோசம் வந்துவிட்டது. அசல் வெல்டிங்கை நேரில் பார்க்காமல் கையை வைத்ததுதான் பிழை என்று புரிந்தது.

நடுப்பகல் ளுஹர் தொழுதேன். அதே வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சாரன், தொப்பியோடு கல்முனையில் ஒரு வெல்டிங் கடைக்குப் போனேன். தோளில் பை. அதற்குள் பூதக்கண்ணாடி, அடிமட்டம், கொப்பி, டாங்கியின் மேல்பாகம்.

"மோசமா அடிச்ச வெல்டிங் ஒண்டு பாக்கணும்," என்றேன்.

கடைக்காரர் முகமூடியை மெதுவாக உயர்த்தினார்.

"ஆர் சொன்ன, என்ட வெல்டிங் மோசமெண்டு?"

"அப்பிடி இல்ல..."

"என்ட கையால அடிச்சதுல ஒரு புடைப்பக் காட்டுங்க. நான் இப்பவே கடையப் பூட்டிட்டுப் போறன்!"

காட்ட முடியவில்லை. எல்லாம் கிரைண்டர் போட்டு வழுவழு. பாவி மனிதன், அவ்வளவு நல்ல வேலைக்காரன்.

நான் வாடி நிற்பதைக் கண்டு அவருக்கே இரக்கம் வந்துவிட்டது.

"அசிங்கமானதுதான் வேணுமெண்டா மருதமுனைக்குப் போங்க. கடற்கரப் பக்கம் உள் ரோட்டுல ஒரு புது வீடு, பச்சைக் கேட்டு. என்னட்ட வேலை பழகின பொடியன் பாதியில விட்டுட்டுப் போய் அடிச்சது. பாத்தா அழுவீங்க."

போனேன். பார்த்தேன். அழுகை வரவில்லை, பரவசம் வந்தது.

என்ன வெல்டிங்! ஒரு மூட்டில் கரப்பான் முட்டை மாதிரி, அடுத்த மூட்டில் உருகி வழிந்த மெழுகு மாதிரி. அப்படியே முழங்காலில் உட்கார்ந்துவிட்டேன். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். அடிமட்டத்தால் அளந்தேன். கொப்பியில் குறித்தேன். நாலு போட்டோ என்று போனவன் நாற்பத்தொரு போட்டோ எடுத்தேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

நிமிர்ந்தேன். அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், கேட்டின் உள்பக்கம். வீட்டுக்காரர். ஜமால்தீன் ஹாஜியார்.

"சொல்லாம வந்திரிக்கீங்க. அதுதான் நல்லம்," என்றார். "சொல்லிட்டு வந்தா ஆரும் கூட்டித் துடைச்சித்தான் காட்டுவாங்க. உள்ள வாங்க."

"இல்ல ஹாஜியார், நான் கேட்ட மட்டும் பாத்திட்டு..."

"கேட்டுல என்ன குறை?"

"குறையா? இப்பிடி ஒரு வெல்டிங்க நான் என்ட வாழ்நாள்ள கண்டதில்ல!"

மனதாரப் பாராட்டினேன். மனிதரின் முகம் தொங்கிவிட்டது.

"நாளைக்கே ஆளப் புடிச்சித் தேச்சுப் போடுறன்."

"தேச்சிராதீங்க!" என்று கத்தினேன்.

அவர் குழம்பிப் போய் என் கையைப் பிடித்தார். பிளாஸ்டிக் டாங்கிக்காக வந்தேன் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஐம்பது வயதில் எப்படிச் சொல்வது? ஒரு கிளாஸ் பிளேன்டீ குடித்துவிட்டு நழுவிவிடலாம் என்று உள்ளே போனேன்.

பிளேன்டீ வரவில்லை. முதலில் படுக்கை அறை. அதற்குப் பிறகு அலுமாரி, ஒவ்வொரு கதவாகத் திறந்து. அதற்குப் பிறகு குளியலறை.

"தண்ணிட வேகத்தப் பாருங்க," என்று எல்லாப் பைப்பையும் திறந்தார்.

"நல்ல வேகம்."

"இதையும் பாருங்க," என்று கொமட்டில் தண்ணீர் அடித்துக் காட்டினார். ஒரு தடவை அல்ல. மூன்று தடவை.

மூன்றாவது தடவைதான் எனக்கு உறைத்தது.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டி வைத்துத்தான் மாப்பிள்ளை பேசுவது. மாப்பிள்ளை வீட்டார் முதலில் வந்து வீட்டைப் பார்ப்பார்கள். வீடு பிடித்தால்தான் மிச்சக் கதை. இது எனக்குத் தெரியாததா? மூன்று பெண்பிள்ளைகளைப் பெற்றவன்! ஆனால் அன்று தலைக்குள் வெல்டிங்கைத் தவிர வேறு ஒன்றுமில்லை.

ஹாஜியார் குரலைத் தாழ்த்தினார்.

"போன தடவ வந்தவங்க சமைக்கிற குசினி சின்னன் எண்டு போயிட்டாங்க. மகள் மூணு நாள் சாப்பிடல்ல. குசினிய இடிச்சித் திரும்பக் கட்டினன். இந்தச் சம்பந்தமும் ஒரு கேட்டால போயிரக் கூடா, பாத்துக்குங்க."

நெஞ்சு உருகிவிட்டது. உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து வட்டிலப்பம் வந்தது. திறந்த வாயை வீணாக்கவில்லை.

இரண்டாவது கரண்டியில் போன் அடித்தது. மனைவி.

என் போனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஐஸ் ஃபெக்டரி இரைச்சலில் கேட்க வேண்டுமென்று எப்போதும் உச்சச் சத்தத்தில் வைத்திருப்பேன்.

"எங்க இரிக்கீங்க?"

"மருதமுனையில. ஒரு கேட்டு..."

"கேட்டா? தையல் கடை ராத்தா கண்டவ! கலியாணத்துக்குக் கொமருப் புள்ள இரிக்கிற வீட்டுக்குள்ள போய் அரை மணித்தியாலமாம். ஆருக்கு வீடு பாக்கிறீங்க? நமக்கு மூணும் பொம்புளப் புள்ள. ஒரு ஆம்புளப் புள்ள கூட இல்ல."

பிறகு முழு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி:

"அப்ப மாப்புள நீங்களா?"

வீட்டுப் பெண்கள் நின்ற திரைக்குப் பின்னால் ஒரு பாத்திரம் விழுந்தது.

ஹாஜியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, நீங்க அட்டாளைச்சேனை மாப்புள வீட்டு ஆளில்லையா?"

"ஐஸ் ஃபெக்டரி ஆள்."

இனி மறைக்க ஒன்றுமில்லை. பையைத் திறந்து டாங்கியின் மேல்பாகத்தை எடுத்து வட்டிலப்பத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இதுக்கு வெல்டிங் வெக்கணும் ஹாஜியார். அதுக்குத்தான் கேட்டப் பாத்தன்."

அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் அதைப் பார்த்தார்.

"உங்களுக்கு என்ன வயசு?"

"அம்பது."

"யா அல்லாஹ்," என்றார். "அந்தக் கரண்டியக் கீழ வைங்க."

வைத்தேன். வாசலில் வேன் ஹோன் அடித்தது. அசல் மாப்பிள்ளை வீட்டார்!

"நான் பின்னால போகட்டா?"

"பின் கதவு பூட்டிக் கிடக்கு, திறப்பு மேசன்ட கையில! இருங்க. வாயத் திறந்தீங்க எண்டா..."

மிச்சத்தைச் சொல்ல நேரமில்லை. மாப்பிள்ளையின் மாமா உள்ளே வந்துவிட்டார், பின்னால் மூன்று பெண்கள். அவர் கண்ணில் முதலில் பட்டது நான்தான். வெள்ளைச் சட்டை, தொப்பி, கொப்பி, அடிமட்டம், பாதி தின்ற வட்டிலப்பம்.

"இவர்?" என்றார்.

ஹாஜியார் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

"இவரும்... பாக்கத்தான் வந்தவர்."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

போட்டிக்கு ஆள் வந்துவிட்டது என்று மாமாவின் புருவம் ஏறியது. "எந்த ஊரு?"

ஹாஜியார் கண்ணால் கெஞ்சினார். நான் உண்மையை மட்டும் பேசுவது என்று முடிவெடுத்தேன்.

"சாய்ந்தமருது."

"எல்லாம் பாத்து முடிஞ்சா?"

"கேட்ட மட்டும்தான் பாக்க வந்தன். பாத்த பிறகு போக மனம் வரல்ல."

மாமா வெளியே போனார். கேட்டின் முன் குனிந்து, அந்தப் புடைப்புகளை விரலால் தடவினார். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். ஹாஜியார் மூச்சே விடவில்லை.

"கஞ்சத்தனமில்லாம அடிச்சிரிக்கி," என்றார் மாமா தன்னுடைய பெண்களிடம். "தேச்சி மினுக்கி ஏமாத்தல்ல. நல்ல பலம்."

உள்ளே வந்தார். குசினியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என்னைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஹாஜியார், நாளைக்கு, நாளையிண்டைக்கு எண்டு இழுக்கத் தேவல்ல. இண்டைக்கே கதைய முடிப்பம்."

திரைக்குப் பின்னாலிருந்து "அல்ஹம்துலில்லாஹ்" என்று மூன்று குரல். ஹாஜியார் கரண்டியை எடுத்து மெதுவாக என் கையில் திரும்பத் தந்தார்.

வீட்டில் மனைவி என் போனைப் பறித்து நாற்பத்தொரு போட்டோவையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒரு பெண்ணும் இல்லை. எல்லாம் கேட்டு. அதைக் கண்ட பிறகுதான் அவளுக்கு உண்மையான கவலை பிடித்தது.

"வேற பொம்புள எண்டாலும் ஆக்கள்ட்டச் சொல்லி அழலாம்," என்றாள்.

நேற்று ஹாஜியாரிடமிருந்து கோல்.

"தம்பி, மூத்தவட நிக்காஹ் முடிஞ்சிது. இளையவட வீடும் முடியப் போகுது. அவக்கு மாப்புள வீட்டார் வாற அண்டைக்கு நீங்களும் வந்து முன்னுக்கு இரிக்கணும். வெள்ளச் சட்ட, கொப்பி, அடிமட்டம் எல்லாம் கொண்டாங்க."

"வாறன் ஹாஜியார்," என்றேன். "ஆனா கேட்டு அதே பொடியன்தான் அடிக்கணும்."