ஊடலை இயங்கவில்லை

அமிர்தலிங்கம் ஓய்வு பெற்ற மறுவாரமே ஒரு சபதம் எடுத்தார். இனி அவர் வீட்டுக் கணினி தமிழில்தான் பேசும். அவரும் தமிழில்தான் பேசுவார்.

நீடாமங்கலம் பக்கத்தில் நெல் கொள்முதல் நிலையத்தில் முப்பது வருஷம் ஈரப்பதம் பார்த்த மனிதர். நெல்லில் ஈரம் கூடினால் மூட்டையைத் திருப்பி அனுப்பிய அதே கண்டிப்போடு, பேச்சில் ஆங்கிலம் கலந்தால் ஆளைத் திருப்பி அனுப்பினார். பால்காரர் இப்போதெல்லாம் ‘பாக்கெட்’ என்று சொல்லப் பயந்து விரலைத்தான் காட்டுகிறார்.

கணினியில் இருந்த பழைய சரக்கை வழித்தெறிந்துவிட்டு லினக்ஸ் போட்டார். திரை முழுக்கத் தமிழ். லினக்ஸ் என்பதற்கு மட்டும் தமிழ்ச்சொல் அகப்படவில்லை. இயற்பெயரை மொழிபெயர்ப்பது மரபன்று என்று தன்னைத் தானே மன்னித்துக்கொண்டார்.

அந்த ஞாயிறு மாலை நான்கு மணிக்கு அவருடைய வாழ்நாளின் முதல் மேடை. இணையவழிக் கூட்டம். தூய தமிழ்ச் சொற்களில் பித்துள்ளவர்கள் நாற்பத்து மூன்று பேர், ஈப்போ முதல் டொராண்டோ வரை. அமிர்தலிங்கத்தின் தலைப்பு: ‘ஊடலை: ஒரு சொல்லின் வெற்றி’. நாமெல்லாம் புளூடூத் என்கிறோமே, அதற்குத்தான் ஊடலை என்று பெயர். ஊடு, அலை. கம்பியில்லாமல் ஊடே போகிற அலை.

கணினியில் பேசுவதற்கு மைக் கிடையாது. மகள் வானதி மஸ்கட்டிலிருந்து அனுப்பிய கம்பியில்லாத ஹெட்செட் ஒன்றே கதி. போனில் பேசிவிடலாமே என்று கேட்பீர்கள். ‘முழுத் தமிழ்க் கணினியிலிருந்து உரையாற்றுகிறார்’ என்று அழைப்பிதழில் போட்டாகிவிட்டது.

காலை பத்து மணிக்கு ஒத்திகைக்கு உட்கார்ந்தார். திரையில் ஊடலைப் பொத்தானைத் தட்டினார். அது வலப்பக்கம் நகர்ந்தது. அவர் மீசையைத் தடவுவதற்குள் இடப்பக்கம் திரும்பிவிட்டது. மறுபடி தட்டினார். பள்ளிக்கூட வாசல்வரை போய்விட்டு வீட்டுக்கு ஓடி வருகிற பிள்ளை மாதிரி மறுபடி வந்துவிட்டது. சொல்லின் வெற்றியைப் பற்றிப் பேசப் போகிறவர் வீட்டில் பொருள் படுத்துவிட்டது.

கறுப்புச் சாளரத்தைத் திறந்து கட்டளைகளை அடித்தார். கட்டளைகள் ஆங்கிலத்தில்தான் இருந்தன. அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். வந்த விடையைக் குறிப்பேட்டில் தமிழில் எழுதிக்கொண்டார்: ‘வன்தடை, இல்லை. மென்தடை, உண்டு.’ கருவியில் பழுதில்லை, மென்பொருள்தான் அடைத்து வைத்திருக்கிறது என்று பொருள். வல்லினம் இருக்கிறது, மெல்லினம் இருக்கிறது, இடையினம் எங்கே என்று அவர் யோசித்த வேளையில் மனைவி குந்தவை காபியோடு வந்து குறுக்கே நின்றாள்.

“என்னங்க, காலையிலேருந்து ஒரே பொத்தானைத் தட்டிக்கிட்டு இருக்கீங்க?”

“ஊடலை உயிர்பெற மறுக்கிறது.”

“ஊடலா? அது நல்லா உயிரோடதான் இருக்கு. வியாழக்கிழமையிலேருந்து.”

டொக்கென்று டம்ளர் மேசையில் இறங்கியது.

வியாழக்கிழமை நடந்தது இதுதான். திருத்துறைப்பூண்டியிலிருந்து குந்தவையின் அண்ணன் முருகையன் போன் செய்தார். மகள் மேகலாவுக்கு இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு நிச்சயதார்த்தம், அவசியம் வரவேண்டும் என்றார். “அன்று என் கணினிக்கு இற்றைப்படுத்தல் இருக்கிறது” என்றார் அமிர்தலிங்கம். அப்டேட்டுக்கு அவர் வைத்திருக்கும் சொல் அது. மைத்துனர் அது ஏதோ உடம்புக்குச் செய்கிற சிகிச்சை என்று நினைத்து, பதறிப்போய் ஆறுதல் சொல்லி வைத்தார். மருத நிலத்துக்கு உரியது ஊடல் என்று முன்னோர் வகுத்தது சும்மா இல்லை. வயலும் வாய்க்காலும் உள்ள ஊரில் அதற்குப் பஞ்சம் வராது. குந்தவை அன்றிலிருந்து அரை வாக்கியங்களில்தான் பேசினாள்.

மென்தடையை நீக்கினார். நீங்கியது. பொத்தானைத் தட்டினார். மென்தடை வந்து உட்கார்ந்தது. நான்கு முறை மறுதொடக்கம் செய்தார். நான்கு முறையும் திரை அழகாக வணக்கம் சொன்னது. ஊடலை மட்டும் எழவில்லை.

கடைசியில் இணையத்தைக் கேட்டுவிடுவது என்று துணிந்தார். கேட்பதையும் தமிழில்தான் கேட்பேன் என்றார். ‘ஊடலை நீக்குவது எப்படி’ என்று அடித்துவிட்டு, ‘நீக்குவது’ தவறு, பழுதைத்தானே நீக்க வேண்டும் என்று திருத்தப் போவதற்குள் பதில்கள் கொட்டின. குந்தவை தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து உரக்கப் படித்தாள்.

“‘மனைவியின் ஊடலைப் போக்கப் பத்து வழிகள். ஒன்று, தவறை உடனே ஒப்புக்கொள்ளுங்கள். இரண்டு, அவருடைய பிறந்த வீட்டாரை மதியுங்கள்.’ அட, கம்ப்யூட்டருக்கே தெரிஞ்சிருக்கே!”

“இது வேறு ஊடல். நான் கேட்டது ஊடு அலை.”

“மூணாவது வழி என்னன்னு கொஞ்சம் கீழ தள்ளுங்க.”

அவர் சாளரத்தையே மூடிவிட்டார். மணி இரண்டு. வியர்வை மீசை வழியாக இறங்கியது. பேச்சை நிறுத்திவிடலாமா என்று யோசித்தார். அதைவிட நாற்பத்து மூன்று பேர் முன்னால் வாய் அசைந்து சத்தம் வராமல் நிற்பது பெரிய மானக்கேடு. அவருடைய முகத்தைப் பார்த்துக் குந்தவைக்கு ஒரு நொடி மனசு இளகியது. ஒரு நொடிதான்.

“நான் சரி பண்ணிக் குடுத்தா நிச்சயதார்த்தத்துக்கு வருவீங்களா?”

“நீயா!”

“கரண்ட் ஆபீஸ்ல இருபத்தெட்டு வருஷம் கம்ப்ளெய்ண்ட் எழுதினவ நான்.”

“முறையீடு.”

“அதை எழுதினவ. வருவீங்களா, மாட்டீங்களா?”

“வருகிறேன்.”

“வாயால சொன்னா ஆயிரம் இலக்கணம் சொல்லுவீங்க. எழுதிக் குடுங்க.”

அமிர்தலிங்கம் குறிப்பேட்டை இழுத்தார். எழுதும்போது மீசைக்குள் ஒரு சிரிப்பு ஓடியது. அந்தச் சொல்லில் ஒரு சந்து இருப்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஊடு, அலை என்று பிரித்தால் அது கருவி. ஊடல், ஐ என்று பிரித்தால் மனைவியின் கோபம். கருவி சரியானால் கோபத்தைக் காட்டித் தப்பித்துவிடலாம். அழகான கையெழுத்தில் எழுதினார்: ‘குந்தவை ஊடலைச் சரிசெய்தால் நான் திருத்துறைப்பூண்டி வருவேன். அமிர்தலிங்கம்.’

குந்தவை இரண்டு தரம் படித்தாள். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“சிஸ்டத்தை முழுசா அணைங்க.”

“நான்கு முறை மறுதொடக்கம் செய்தாயிற்று.”

“நான் தொடங்கச் சொல்லல. அணைக்கச் சொன்னேன்.”

அணைத்தார். குந்தவை மேசைக்குப் பின்னால் குனிந்து சுவரில் சுவிட்சைத் தட்டினாள். பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

“அணைந்ததை எதற்குப் பிடுங்குகிறாய்?”

“பின்னாடி ஒரு பச்சை விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சே, பாத்தீங்களா? அணைச்சாலும் உள்ள கொஞ்சம் கரண்ட் ஓடிக்கிட்டுதான் இருக்கும். தூங்குற மாதிரி நடிக்கும். எங்க அண்ணன் வந்தா நீங்க படுத்துக்குவீங்களே, அதே மாதிரி.”

அமிர்தலிங்கம் பச்சை விளக்கு இருந்த இடத்தை எட்டிப் பார்த்தார்.

“இப்ப முன்னால இருக்கிற பட்டனை அழுத்திப் பிடிங்க. மடையை அடைச்சா மட்டும் போதுமா, வாய்க்கால்ல நிக்கிற தண்ணி வடியணும்ல. அஞ்சு நிமிஷம் சும்மா இருங்க. பேசாம.”

கணினி ஐந்து நிமிடம் சும்மா இருந்தது. அமிர்தலிங்கம் இரண்டு நிமிடம் சும்மா இருந்தார். பிளக் செருகப்பட்டது. திரை வணக்கம் சொன்னது. அவர் பொத்தானைத் தட்டினார். வலப்பக்கம் போன பொத்தான் அங்கேயே நின்றது. ஹெட்செட் காதுக்குள் ‘டிங்’ என்றது.

“எப்படி?” என்றார்.

“எங்க ஆபீசுக்கு வீட்டுக்கு வீடு போன் பண்ணுவாங்க. எதைச் சொன்னாலும் முதல்ல பிடுங்கிச் செருகுங்கம்மான்னு சொல்லுவேன். பாதிப்பேர் திரும்பக் கூப்பிட மாட்டாங்க.”

நான்கு மணிக்கு அமிர்தலிங்கம் பேசினார். என்ன பேச்சு! காதில் கம்பியில்லை என்ற உற்சாகத்தில் எழுந்து நின்று பேசினார். கூடத்தில் நடந்துகொண்டே பேசினார். ஊடலையை ஊடல் என்று மயங்குகிற அரைகுறைகளை ஒரு பிடி பிடித்தார். தன் வீட்டில் அன்று காலை ஊடலை இயங்காததையும் மறைக்கவில்லை. கடுமையான ஆய்வுக்குப் பின் மின்னிணைப்பைத் துண்டிக்கும் உத்தியைத் தான் கண்டறிந்ததாகத்தான் சொன்னார். அவைத் தலைவர் பரிதி, ஈப்போக்காரர், “ஐயா, அருமை, அருமை” என்று இரண்டு முறை சொன்னார். அவர் யாரையும் ஒரு தரத்துக்கு மேல் அருமை என்பதில்லை.

பேச்சு முடிந்த பெருமிதத்தில் ஹெட்செட்டைக் கழற்ற மனம் வரவில்லை. மாட்டியபடியே சமையலறைக்குப் போனார். குந்தவை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“குந்தவை, அடுத்த ஞாயிறு நான் வர இயலாது.”

“எழுதிக் குடுத்திருக்கீங்க.”

“என்ன எழுதினேன்? ஊடலை. ஊடல், அதன்மேல் ஐ, இரண்டாம் வேற்றுமை. உன் ஊடலை நீ சரிசெய்தாயா? இல்லை. டம்ளரை எப்படி வைத்தாய்? டொக்! ஊடல் அப்படியே இருக்கிறது. ஆகவே நிபந்தனை நிறைவேறவில்லை.”

குந்தவை கத்தியைக் கீழே வைத்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, கல்யாணமான புதிதில் சிரித்தாளே, அந்தச் சிரிப்பைச் சிரித்தாள். சேலைத் தலைப்பால் அவருடைய மீசை வியர்வையைத் துடைத்துவிட்டாள்.

“எனக்கா? கோவமா? அது இந்தா, இப்பப் போயிடுச்சு. சரி பண்ணிட்டேன்.”

அமிர்தலிங்கம் விரலை நீட்டி, ஊடு, அலை என்று மறுபடி பிரிக்கத் தொடங்கினார்.

“நீங்க ஊடு, அலைன்னு பிரிச்சாலும் சரி. ஊடல், ஐன்னு பிரிச்சாலும் சரி. எப்படிப் பிரிச்சாலும் ஏழரை மணி பஸ்சு திருத்துறைப்பூண்டிக்குத்தாங்க போவுது. அப்புறம், பிளக்கைப் பிடுங்குறது நீங்க கண்டுபிடிச்சதா? அதையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

அவர் காதுக்குள் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். ஊடலை சமையலறை வரைக்கும் குறையில்லாமல் எட்டியது.

“ஐயா, கூட்டம் இன்னும் முடியவில்லை” என்றார் பரிதி. “அம்மா பிரித்ததை அவை ஒருமனதாக ஏற்கிறது.”